நாலு நாள் தூறல், மூணு வரிசைத் தக்காளி: இது எந்தக் கருகல்?

கொல்லைப்புறம் (ராயக்கோட்டை)
ஞாயிறு, காலை 7:50

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் மூன்று வரிசையில் 22 தக்காளிச் செடி வைத்திருக்கிறேன். புரட்டாசி முதல் வாரம் நட்டது. நாற்றுப் பண்ணையில் ஹைப்ரிட் என்று கொடுத்தார்கள், ரகத்தின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது செடிக்குப் பத்துப் பதினைந்து காய் நிற்கிறது, எல்லாம் பச்சை.

போன புதன்கிழமை பிடித்த தூறல் சனிக்கிழமைதான் விட்டது. வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காலை ஒன்பது மணி வரை மூடுபனி. கொடியில் போட்ட துணி இரண்டு நாளாகக் காயவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை நாலைந்து இலைகளின் ஓரத்தில் வெந்நீர் பட்டது போல ஒரு திட்டு இருந்தது. நேற்று அது கறுத்துவிட்டது. இன்று காலை பார்த்தால் தண்டிலேயே விரல் நீளத்துக்குக் கறுப்புப் பட்டை. இரண்டு காயில் காம்புப் பக்கம் எண்ணெய் தடவின மாதிரி பழுப்பு படர்ந்திருக்கிறது. அழுகல் என்று அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருக்கிறது.

நான் செய்தது: அடி இலைகளைக் கிள்ளிப் போட்டேன். வேப்பெண்ணெய் அடித்தேன். மழை விட்டதும் சேறு போகட்டும் என்று நேற்றுச் சாயங்காலம் ஓஸ் பைப்பால் செடியையெல்லாம் கழுவி விட்டேன். இது என்ன நோய்? காப்பாற்ற வழி உண்டா?

மாடியில் மண் (ஓசூர்)
ஞாயிறு, காலை 9:15

இலைக்கருகல்தான் அக்கா, பயப்பட வேண்டாம். என் குரோபேக் செடிகளுக்கும் வருஷா வருஷம் வரும். அடி இலையில் ஆரம்பித்து மெதுவாக மேலே ஏறும். கெட்ட இலையைக் கிள்ளிவிட்டு, சூடோமோனாஸ் என்கிற நல்ல பாக்டீரியாத் தூளை லிட்டருக்கு 10 கிராம் கரைத்துத் தெளியுங்கள். பத்து நாளில் புதுத் துளிர் வந்துவிடும்.

தளி மேட்டான்
ஞாயிறு, பகல் 12:40

மாடியில் மண் சொல்வது முன்பருவக் கருகல். அது வேறு, இது வேறு என்று எனக்குப் படுகிறது.

முன்பருவக் கருகல் என்றால் புள்ளிக்குள் வளையம் வளையமாக இருக்கும், மரத்தை அறுத்தால் தெரியுமே அந்த மாதிரி. சுற்றி மஞ்சள் கட்டும். கிழட்டு இலையில்தான் முதலில் வரும், நமக்கு யோசிக்க நேரம் கொடுக்கும். இவர் சொல்வதில் வளையமும் இல்லை, மஞ்சளும் இல்லை. இரண்டே நாளில் இலையிலிருந்து தண்டுக்குப் போயிருக்கிறது, காய் கெட்டியாக இருந்துகொண்டே பழுப்பாகிறது. எங்கள் பக்கம் உருளைக்கிழங்கு போடுகிற எல்லோருக்கும் இது தெரிந்த முகம். கன்னடம் பேசுகிறவர்கள் அங்கமாரி என்பார்கள். தமிழில் பின்பருவக் கருகல்.

சந்தேகம் தீர ஒரு வேலை செய்யுங்கள் அம்மா. திட்டு இருக்கிற இலை ஒன்று, பாதி பச்சை பாதி கறுப்பாக இருப்பதாகப் பார்த்துக் கிள்ளி, ஈரத் துணி விரித்த டிபன் டப்பாவில் அடிப்பக்கம் மேலே தெரியும்படி வைத்து மூடிவிடுங்கள். ராத்திரி முழுக்க இருக்கட்டும். காலையில் திறந்து பார்த்துச் சொல்லுங்கள். டப்பாவை அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், வேறு பயம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. பைப்பால் செடியைக் கழுவினேன் என்றீர்களே, அதை மட்டும் இனிமேல் செய்யாதீர்கள்.

கொல்லைப்புறம்
திங்கள், காலை 6:35

டப்பாவைத் திறந்தேன். நேற்று வைத்தபோது இலையின் அடிப்பக்கம் வெறும் சாம்பல் பச்சையாக இருந்தது. இன்று கறுப்புத் திட்டும் பச்சையும் சேருகிற இடத்தில் மட்டும் ஒரு கோடு போட்ட மாதிரி வெள்ளைப் பஞ்சு. சர்க்கரைப் பொடியைத் தூவி ஊதிவிட்டால் ஓரத்தில் ஒட்டியிருக்குமே, அப்படி. திட்டின் நடுவில் ஒன்றுமே இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன், பூ மாதிரி அழகாக வேறு இருக்கிறது.

அப்படியே தோட்டத்துக்குப் போய் இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். பனி காய்வதற்குள் பார்த்ததால் தெரிந்தது. ஏழு செடியில் அதே வெள்ளை.

தளி மேட்டான்
திங்கள், காலை 7:10

அதேதான்.

நுண்ணோக்கி (பையூர் பக்கம்)
திங்கள், காலை 10:25

தோட்டக்கலை படித்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதன் பெயர் பைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ். பார்க்கப் பூஞ்சை மாதிரி இருக்கும், வழக்கத்தில் அப்படித்தான் சொல்கிறோம். உண்மையில் பாசி இனத்துக்கு நெருங்கிய சொந்தம். தண்ணீர்தான் இதற்கு எல்லாம். நீங்கள் பார்த்த வெள்ளைப் பஞ்சின் நுனியில் எலுமிச்சை வடிவத்தில் வித்துப்பைகள் இருக்கும். காற்றில் பறந்து ஈர இலையில் விழுந்தால், குளிராக இருக்கும்போது ஒவ்வொரு பையும் வெடித்து உள்ளிருந்து வால் முளைத்த வித்துகள் பல வெளியே வந்து அந்த ஈரத்தில் நீந்தும். ஆமாம், நீந்தும். அப்புறம் இலைக்குள் இறங்கிவிடும்.

இறங்கியதிலிருந்து மறுபடி வெள்ளைப் பஞ்சு விட ஐந்தாறு நாள் போதும். அதனால்தான் ஒரு வாரம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, ஒரே நாளில் தோட்டம் முழுக்கக் கருகியது போல் தோன்றுகிறது. நீங்கள் வெள்ளிக்கிழமை பார்த்த திட்டு அதற்குச் சில நாள் முன்பே உள்ளே போனது. இன்று பச்சையாக, நன்றாகத் தெரிகிற செடியிலும் உள்ளே போயிருக்கலாம்.

15 முதல் 22 டிகிரி குளிர், இலையில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஈரம். இந்த இரண்டும் சேர்ந்தால் வரும். தருமபுரி ஊருக்குள் சித்திரை வெயிலில் இதைத் தேடினாலும் கிடைக்காது. ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் தேடாமலே கிடைக்கும்.

1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்து, அடுத்த சில வருஷங்களில் சுமார் 10 லட்சம் பேர் சாகக் காரணமான பஞ்சத்தைக் கொண்டு வந்தது இதே கிருமிதான். அப்போது பெரும்பாலோருக்கு என்ன நோய் என்றே புரியவில்லை. டி பாரி என்கிற ஜெர்மன் அறிஞர் இன்றைய பெயரை வைத்தது 1876-இல்.

சும்மா வந்தேன் (காரிமங்கலம்)
திங்கள், பகல் 1:05

ராயக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு வீட்டில் தக்காளி வளர்க்கிறீர்களா? மண்டி பக்கத்திலேயே இருக்கிறது. விலை விழுகிற மாதத்தில் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள், பையோடு போனால் போதுமே.

கொல்லைப்புறம்
திங்கள், பகல் 1:30

விலை ஏறுகிற மாதத்தில் நீங்கள் வாங்கித் தருவீர்களா தம்பி? 😊

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மருந்துக் கடைக்குப் போய் இலையைக் காட்டினேன். மெட்டலாக்சில், மேன்கோசெப் என்கிற இரண்டு பூஞ்சை மருந்தும் கலந்த தூள் ஒன்றைக் கொடுத்து, "அடிச்சா மூணு நாள்ல சரியாயிடும்" என்றார். இன்னும் பிரிக்கவில்லை. அடிக்கலாமா?

பாலக்கோட்டான்
திங்கள், இரவு 8:50

அக்கா, நான் ஒன்றரை ஏக்கர் தக்காளி போடுகிறவன். மருந்து அடிக்காதவன் இல்லை. அதனால் நான் சொன்னால் நம்புங்கள்: கருகின இலையைப் பச்சையாக்குகிற மருந்து கிடையாது. எந்தக் கடையிலும் கிடையாது. மருந்து என்பது வராத இலைக்குப் போடுகிற சட்டை. சிலது இலைக்குள் கொஞ்சம் இறங்கி வேலை செய்யும், அதுவும் வந்து ஒன்றிரண்டு நாளுக்குள் அடித்தால்தான். தண்டு கறுத்த பிறகு அடிப்பது மனசு ஆறுவதற்குத்தான்.

ஒரு ஐப்பசியில் நானும் அப்படித்தான் அடித்தேன். வாரத்துக்கு இரண்டு தடவை, ஏழு டேங்க். மூன்றாவது வாரம் வயலுக்குப் போனால் தூரத்திலிருந்தே ஒரு வாடை, வேகவைத்துக் கெட்டுப்போன கீரை மாதிரி. காய் அத்தனையும் கொடியில் இருக்கிறது, ஒன்றுகூட க்ரேட்டில் ஏறவில்லை. மருந்துச் செலவு தனி. முதல் வாரமே ஓரத்து நாலு வரிசையைப் பிடுங்கியிருந்தால் மீதியாவது நின்றிருக்கும் என்று இன்றைக்கும் அப்பா சொல்லிக் காட்டுவார்.

நோய் வந்த செடியைப் பிடுங்குங்கள். இன்றைக்கே.

நுண்ணோக்கி
திங்கள், இரவு 9:40

பாலக்கோட்டார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2009, 2010 வாக்கில் தென்னிந்தியத் தக்காளி வயல்களில் இந்த நோய் திடீரென்று கடுமையாக வந்தது. ஆராய்ந்து பார்த்தபோது ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு புதுப் பிரிவு என்று தெரிந்தது, 13_ஏ2 என்று பெயர். அதற்கு மெட்டலாக்சில் சரியாகப் பிடிக்காது. அதனால் அந்தப் பொட்டலத்தில் வேலை செய்யப்போவது பெரும்பாலும் மேன்கோசெப் பாதிதான், அதுவும் நோய் வராத இலையில் மட்டும்.

வீட்டில் தினமும் பறித்துச் சமைக்கிற செடிக்கு எதை அடித்தாலும், அடித்த பிறகு எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று லேபிளில் போட்டிருப்பதைப் படியுங்கள். கடைக்காரர் அதைச் சொல்லவே மாட்டார்.

மாடியில் மண்
திங்கள், இரவு 10:20

என் தவறு, முன்பருவக் கருகல் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். ஆனாலும் பிடுங்கு பிடுங்கு என்று எல்லோரும் சொல்வது எனக்குச் சம்மதம் இல்லை. புளித்த மோர் அடித்து நான் எத்தனையோ செடியை மீட்டிருக்கிறேன். டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், பஞ்சகவ்யா என்று தொடர்ந்து கொடுத்தால் செடியே எதிர்த்து நிற்கும். இயற்கை வழியில் போகிறவர்களை எடுத்ததும் மருந்துப் பக்கம் தள்ளாதீர்கள்.

பாலக்கோட்டான்
செவ்வாய், காலை 5:55

அக்கா, நான் மருந்துப் பக்கம் தள்ளவில்லை. பிடுங்கச் சொன்னேன். பிடுங்குவதை விட இயற்கையான வழி எது?

தளி மேட்டான்
செவ்வாய், காலை 6:40

மோர் சாம்பல் நோய்க்குக் கேட்கும், நானே அடித்திருக்கிறேன். சூடோமோனாஸ் முன்கூட்டியே கொடுத்துவந்தால் செடிக்குத் தெம்பு. தப்பே இல்லை. ஆனால் இந்தக் கருகல் வந்த பிறகு, அதுவும் மூடுபனியில், எதைத் தண்ணீரில் கரைத்து அடித்தாலும் அந்தத் தண்ணீரும் அதற்குத்தான் சாப்பாடு.

ஓசூரில் மாடியில் இருக்கிறீர்கள், காற்றும் வெயிலும் நாலு பக்கமும் வரும், பையைத் தூக்கி ஷெட்டுக்குள் வைத்துவிடலாம். இவர் செடி தரையில் நிற்கிறது, துணியே காயாத இடத்தில். உங்கள் அனுபவத்தை அப்படியே இவருக்குப் போட முடியாது.

கொல்லைப்புறம்
செவ்வாய், இரவு 9:30

இன்றும் பிடுங்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கை வரவில்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட வைக்காமல் போய்ப் பார்க்கிற செடிகள். ஒவ்வொன்றுக்கும் குச்சி நட்டுப் பழைய புடவையைக் கிழித்துக் கட்டினேன். காயெல்லாம் இன்னும் பத்து நாளில் பழுத்துவிடும் போலிருக்கிறது. "பழுத்ததும் பிடுங்கிக்கலாமே" என்கிறார் மாமியார். அவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது.

நேற்று ஏழு, இன்று எண்ணினால் பதினொன்று.

பிடுங்கினால் மாட்டுக்குப் போடலாமா? மதிலுக்கு அந்தப் பக்கம் பெரியப்பா அரை ஏக்கர் தக்காளி போட்டிருக்கிறார். அவரிடம் சொல்ல வேண்டுமா, வீணாகப் பயமுறுத்தின மாதிரி ஆகிவிடுமா?

பாலக்கோட்டான்
செவ்வாய், இரவு 9:45

அரை ஏக்கரா! அக்கா, போனை வைத்துவிட்டு இப்போதே மதில் பக்கம் போய்ச் சொல்லுங்கள். வித்து காற்றில் கிலோமீட்டர் கணக்கில் போகும், உங்கள் மதில் என்ன ஐந்தடியா? அவர் செடியில் இன்னும் வரவில்லை என்றால் நாளைக் காலையே தடுப்பு மருந்து அடித்துக்கொள்வார். அவருக்கு அது சோறு. நமக்கு ஒரு குழம்பு.

தளி மேட்டான்
செவ்வாய், இரவு 10:05

மாட்டுக்கு வேண்டாம். தக்காளி இலை தழை மாட்டுக்கு ஆகாது, நல்ல செடியாக இருந்தாலும் போடக் கூடாது. எருக்குழியிலும் போடாதீர்கள். இந்தக் கிருமி உயிருள்ள தழையில்தான் பிழைக்கும், தழை செத்துக் காய்ந்தால் பெரும்பாலும் அதுவும் போய்விடும். ஆனால் எருக்குழி மேலே கிடக்கிற பச்சைத் தண்டு நாலு நாள் உயிரோடு இருக்கும், அது போதும் அதற்கு.

பிடுங்குகிற முறை சொல்கிறேன். காலையில் பனியோடு தொடாதீர்கள். செடி ஈரமாக இருக்கும்போது உலுக்கினால் நீங்களே விதைக்கிற மாதிரி. நாளை வெயில் வந்தால் பதினொரு மணிக்கு மேல், பெரிய பாலித்தீன் பையைச் செடி மேல் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் அறுத்து, பையோடு தூக்கிக் கட்டிவிடுங்கள். கட்டின பை நாலைந்து நாள் வெயிலில் கிடக்கட்டும், உள்ளேயே வெந்துவிடும். அப்புறம் இரண்டடிப் பள்ளத்தில் புதைத்துவிடலாம். நல்ல செடியை முதலில் பாருங்கள், நோய்ச் செடியைக் கடைசியில் தொடுங்கள். கத்தி, கை, புடவை முந்தானை எல்லாம் சோப்புத் தண்ணீர்.

காயைப் பற்றிக் கவலை வேண்டாம். பிடுங்குவதற்கு முன்னால் திட்டு இல்லாத காயைப் பறித்து, கழுவித் துடைத்து, ஒன்றை ஒன்று தொடாமல் தாளில் பரப்புங்கள். வெளுக்க ஆரம்பித்தது வீட்டுக்குள்ளேயே பழுக்கும். தினமும் பாருங்கள், பழுப்பு விழுந்ததைத் தூக்கிப் போடுங்கள். இந்தக் கிருமி மனுஷனை ஒன்றும் செய்யாது. சுத்தப் பச்சைக் காய் பழுக்காது, அதை இன்றைக்கே கடைந்துவிடுங்கள். பச்சைத் தக்காளி, பச்சை மிளகாய், பூண்டு, கூட ஒரு பிடி வறுத்த நிலக்கடலை. களிக்குத் தொட்டுக்கொள்ள வேறு ஒன்றும் வேண்டாம்.

கொல்லைப்புறம்
புதன், மாலை 5:20

அரை நாள் லீவு போட்டேன். பெரியப்பாவிடம் நேற்று ராத்திரியே சொல்லிவிட்டேன். டார்ச் அடித்து வரப்போரம் பார்த்தார், அவர் வரிசையில் இரண்டு செடியில் ஆரம்பித்திருக்கிறது. திட்டுவார் என்று நினைத்தேன். "இப்பவாவது சொன்னியே" என்றார்.

பதினொரு செடி என்று நினைத்துப் போனேன், பதினேழு போனது. மீதி ஐந்தும் வீட்டுச் சுவரை ஒட்டி, ஓட்டுத் தாழ்வாரத்தின் இறவானத்துக்கு உள்ளே நிற்பவை. மழையும் படவில்லை, பனியும் படவில்லை. மற்றவை ஒரு அடிக்கு ஒன்றாக நெருக்கி வைத்தவை, உள்ளே கையை விட்டால் இன்றைக்கும் ஈரம். ஒரே நாற்று, ஒரே மண், ஒரே எரு. கூரை மட்டும்தான் வித்தியாசம்.

இந்த ஐந்துக்கு மட்டும் ஏதாவது போட வேண்டும். போர்டோ கலவை வீட்டில் செய்யலாம் என்கிறார்களே?

தளி மேட்டான்
புதன், இரவு 7:30

செய்யலாம். ஐந்து செடிக்கு இரண்டு லிட்டர் தாராளம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 20 கிராம் பொடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். கரைய நேரம் எடுக்கும், இன்றிரவே போட்டு வைத்தால் காலையில் தயார். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்பானை, இரும்பும் தகரமும் கூடாது. சுட்ட சுண்ணாம்பு 20 கிராம், இன்னொரு வாளியில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு நீற்றி ஒரு லிட்டராக்குங்கள். ஆறினதும் வடிகட்டி, துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் மெதுவாக ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். வான நீலத்தில் வரும்.

அப்புறம் ஒரு சோதனை உண்டு. பளபளவென்று தேய்த்த ஆணியோ கத்தியோ ஒரு நிமிஷம் அதில் முக்கி எடுங்கள். செம்பு நிறம் ஒட்டினால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு மறுபடி பாருங்கள். ஆணி அப்படியே வந்தால் சரி. அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கு அடிக்க வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் வீண். வெயில் வந்த நாளில், இலையின் அடிப்பக்கமும் நனைகிற மாதிரி.

நுண்ணோக்கி
புதன், இரவு 8:15

இது 1885 வாக்கில் பிரான்ஸில் திராட்சைக்காகக் கண்டுபிடித்த கலவை, இன்றும் ஓடுகிறது. செய்யச் சிரமம் என்றால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம். எதுவானாலும் தடுப்புதான், பலத்த மழை அடித்துக்கொண்டு போனால் மறுபடி அடிக்க வேண்டும். இரண்டுமே செம்பு, அடிக்கடி அடித்தால் மண்ணில் சேரும். காயைக் கழுவாமல் சமைக்காதீர்கள்.

சும்மா வந்தேன்
வியாழன், காலை 8:20

கிண்டல் பண்ணத்தான் வந்தேன், முழுசாகப் படித்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் நாலு செடி இருக்கிறது. அர்கா ரக்ஷக் போட்டால் எந்த நோயும் வராது என்று மாமா வாங்கி வந்தார். தைரியமாக இருக்கலாமா?

நுண்ணோக்கி
வியாழன், காலை 9:05

பாதித் தைரியம். பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கிற தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகம் அது. இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும். பின்பருவக் கருகல் அந்த மூன்றில் இல்லை. பலரும் ஏமாறுகிற இடம் இது. அதே நிறுவனத்தின் அர்கா அபேத் பின்பருவக் கருகலையும் சேர்த்துத் தாங்குகிற மாதிரி உருவாக்கியது. கார்த்திகையில் காய் நிற்கிற மாதிரி நடுவதாக இருந்தால் அதைத் தேடுங்கள். தாங்கும் என்றால் வராது என்று அர்த்தம் இல்லை, இடைவெளியும் காற்றும் அதற்கும் வேண்டும்.

கொல்லைப்புறம்
அடுத்த வாரம் சனி, காலை 10:10

நிலவரம். தாழ்வாரத்து ஐந்தில் ஒன்று திங்கட்கிழமை கிளை கறுத்தது, அன்றைக்கே எடுத்துவிட்டேன். நாலு நிற்கிறது, மேலே புதுப் பூ. போர்டோ இரண்டாவது வாளியில்தான் சரியாக வந்தது, முதலில் ஆணி சிவந்துவிட்டது. பெரியப்பா இரண்டு வரிசையை எடுத்துவிட்டு மீதிக்கு அடித்திருக்கிறார். வெயில் வந்ததால் இதுவரை பிழைத்திருக்கிறது. தாளில் பரப்பியதில் முக்கால்வாசி பழுத்தது, கால்வாசி போனது. கடைசல் மூன்று நாள் ஓடியது, மாமியாரே மறுபடி கேட்டார்.

காலி இடத்தில் தக்காளி இப்போதைக்கு வேண்டாம், கீரையும் முள்ளங்கியும் போடுகிறேன். தை பிறந்ததும் அதே தாழ்வாரத்தை ஒட்டி எட்டே செடி, இரண்டடிக்கு ஒன்று. கீழே ஒரு அடி உயரத்துக்கு இலை இல்லாமல் எடுத்துவிட்டு, தண்ணீரைக் காலையில் வேரில் மட்டும் விடப்போகிறேன். சேறு தெறிக்காமல் மூடாக்குப் போட என்ன கிடைக்கும் என்று பார்க்க வேண்டும்.

தளி மேட்டான்
சனி, காலை 11:00

ராகித் தாள், அதாவது ராகி வைக்கோல், இருக்கிறது அம்மா. புதன்கிழமை லோடு ராயக்கோட்டை மண்டிக்கு வரும், இரண்டு கட்டு போட்டு அனுப்புகிறேன். காலை ஆறு மணிக்குள் ஆள் அனுப்புங்கள், அப்புறம் வண்டி திரும்பிவிடும்.